ஒத்திகைச் சாட்சி

“அந்த அக்காவை இன்னைக்கே வேலையை விட்டு நிறுத்துங்க சார். இல்லேன்னா நான் மேலிடத்துக்கு எழுதுவேன்.”

உள்ளே பயிற்சிக்கு வந்திருந்த இளம் பெண் பேசியது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாடக அக்காவுக்குத் தெளிவாகக் கேட்டது.

அடிபட்டவர்கள், அடைத்து வைக்கப்பட்டவர்கள், உயிர் தப்பி வந்தவர்கள் என்று பல நாட்டு மக்களிடம் பேசி ஆய்வு செய்கிற நிறுவனம் அது. புதிதாகச் சேருகிற இளம் ஆய்வாளர்களை நேராக அவர்களிடம் அனுப்ப மாட்டார்கள். முதலில் ஒத்திகை. அதில் பாதிக்கப்பட்டவளாக நடிப்பதுதான் நாடக அக்காவின் வேலை. மேடை வாய்ப்பு நின்றுபோன பிறகு அவள் வீட்டு அடுப்பு இதை நம்பித்தான் எரிகிறது.

“உள்ளே வாங்கக்கா,” என்று பயிற்சி அலுவலர் கூப்பிட்டார். “இவங்க உங்க மேல ஒரு புகார் சொல்றாங்க.”

அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் வெளிநாடு போகிற குழுவில் முதல் பெயர் அவளுடையது. வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கப்பட்ட பெண்களை அங்கே போய்ப் பேட்டி எடுக்க வேண்டும்.

“எங்க வீட்டைப் பத்தி யார்கிட்டயோ விசாரிச்சிருக்காங்க சார். நேத்து ஒத்திகையில அப்படியே சொன்னாங்க. நீலக் கதவு, ஏழு படி, ஜன்னலுக்கு அடிச்ச தகரம், ஒண்ணு விடல. வெளியில தெரிஞ்சா எங்கப்பா தலைநிமிர்ந்து நடக்க முடியுமா?”

“உங்க வீடு எந்தத் தெருன்னுகூட எனக்குத் தெரியாதும்மா,” என்றாள் அக்கா.

“அப்புறம் எப்படிச் சொன்னீங்க? ஜோசியம் பார்த்தா?”

நேற்று அக்காவுக்கும் என்னவோ போலத்தான் இருந்தது. பேட்டி முழுக்க அந்தப் பெண் இவள் முகத்தைப் பார்க்காமல், தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். வெறும் சுவர்.

“எதுக்கு வாய்ச்சண்டை? பதிவு இருக்கே,” என்று அலுவலர் ரெக்கார்டரை மேஜைமேல் வைத்து ஓடவிட்டார்.

முதலில் அக்காவின் குரல். ‘என்னை ஒரு ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்க.’

அடுத்து அந்தப் பெண்ணின் குரல். ‘கதவு நீலமா?’

‘ஆமாம்.’

‘ஏழு படி ஏறணும். அஞ்சாவது படி உடைஞ்சிருக்கும். அதானே?’

‘ஆமாம்.’

‘சத்தம் வெளியே கேக்கக் கூடாதுன்னு ஜன்னலுக்குத் தகரம் அடிச்சாங்களா?’

‘ஆமாம்.’

‘மத்தியானம் எல்லாரும் தூங்கறப்போ கதவைச் சுரண்டுவீங்க. நகத்தால. முதல்ல வேகமா. அப்புறம் மெதுவா. அப்புறம்... நின்னுடும்.’

ரெக்கார்டரில் யாரோ மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. வெகு நேரம் கழித்து, ‘ஆமாம்.’

அலுவலர் பதிவை நிறுத்தினார்.

“கேள்விக்குள்ளயே பதிலை வெச்சுக் கேட்டா, எதைக் கேட்டாலும் ‘ஆமாம்’னு சொல்லுங்கன்னு அக்காவுக்கு நாங்கதான் சொல்லியிருக்கோம். புதுசா வர்றவங்க எல்லாரும் செய்யற தப்பு இது. தன் மனசுல இருக்கறதை எதிர்ல இருக்கறவங்க வாயில ஊட்டிட்டு, அவங்களே சொன்னதா எழுதிக்கிட்டு வந்துடுவாங்க. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒத்திகை.”

அக்காவுக்குக் கொடுத்திருந்த தாளை அந்தப் பெண் பக்கம் நகர்த்தினார். மூன்றே வரி. நீலக் கதவு இல்லை, படி இல்லை, தகரம் இல்லை. அந்தப் பெண் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

“அக்கா எதையும் சொல்லலம்மா. சொன்னது பூரா நீங்க.”

அவள் முகத்தில் இருந்த கோபம் வடிந்துபோனது. வேலைக்கு ஆபத்தில்லை என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம். கால் வரவில்லை.

“அந்த ரூம்ல யாரும்மா?” என்று கேட்டாள்.

“அத்தை. அப்பாவோட தங்கச்சி.” குரல் ரெக்கார்டரில் கேட்டதுபோலவே இருந்தது. “அப்பா பேச்சை மீறி வீட்டை விட்டுப் போனாங்க. பிடிச்சுக்கிட்டு வந்துட்டாங்க. புத்தி சரியில்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. எனக்கு அப்போ ஆறு வயசு. நானும் அதை நம்பிட்டேன்.”

“எத்தனை வருஷமாச்சு?”

“பதினெட்டு.”

அலுவலர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறோமே என்று அவர் குரல் தானாகவே தணிந்தது.

“பாவம். கடைசியில அவங்களுக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல சார். இன்னைக்குக் காலையிலயும் சாப்பாடு வெச்சுட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டுட்டு வந்தது நான்தானே.”