மூன்றாவது பானை

மூன்றில் ஒன்று பொய் என்பது அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இயக்குநரின் அறைக்கு வெளியே கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன பசையக்கா, கதவோட ஒட்டிக்கிட்டீங்களா?" என்றான் காவலாளி. தோண்டியெடுத்த பானைகளைச் சுத்தம் செய்து, உடைந்ததை ஒட்டுவது அவள் வேலை. அருங்காட்சியகத்தில் எல்லோருக்கும் அவள் பசையக்காதான்.

"சும்மா இருப்பா. உள்ள யாராவது இருக்காங்களா?"

"அவர் மட்டும்தான். பதினோரு மணிக்குத் திறப்பு விழா. காலையிலேர்ந்து மூணு சட்டை மாத்திட்டாரு. மாப்பிள்ளை தோத்தான் போங்க."

கீழே, புதிய கூடத்தில், கறுப்புத் துணி விரித்த மேடைமேல் மூன்று பானைகள் இருந்தன. மூன்றும் மூவாயிரம் வருடப் பழமையான கல்லறைகளில் கிடைத்தவை. மூன்றுக்கும் கழுத்தில் முறிந்து ஒட்டிய தடம் இருந்தது.

செத்தவரோடு போகும் பானை உயிரோடு இருப்பவர்களுக்குப் பயன்படக் கூடாது, அதனால் கழுத்தை முறித்துப் புதைத்தார்கள். இதுதான் இயக்குநரின் கண்டுபிடிப்பு. புத்தகமாக வந்து, பாடநூல் வரைக்கும் போய்விட்டது.

நேற்று மாலை அவள் மகள் வீட்டுப்பாடத்தோடு வந்து உட்கார்ந்தாள். "அம்மா, பானையோட கழுத்தை ஏன் உடைச்சாங்க? அஞ்சு மார்க். இது உங்க ஆபீஸ் கேள்விதானே, சொல்லு."

அவள் சொன்னாள். மகள் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு மகளின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

கதவைத் தட்டினாள்.

"வாம்மா, நல்ல நேரத்துல வந்தே. இந்தக் கைப்பட்டனைக் கொஞ்சம் போட்டு விடு. நாப்பது வருஷம் மண்ணு கிளறின கை, ஒரு பட்டனுக்கு நடுங்குது பாரு."

அவள் குனிந்து பட்டனைப் பிடித்தாள். முகம் பார்க்காமல் சொல்ல அதுவே வசதியாக இருந்தது.

"சார், மூணாவது பானை உடைஞ்சு வரல. நான்தான் உடைச்சேன்."

அவர் கை அவள் கையில் அப்படியே நின்றது.

ஒன்பது வருடத்துக்கு முந்திய கதை. அந்தப் பானை மண்கட்டியோடு, எலும்பு முறிந்தவனுக்குப் போடுவதுபோல் மாவுக்கட்டு போட்டு வந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் பார்த்ததில்லை. கட்டைப் பிரித்து மண்ணைச் சுரண்டியவள் அவள்தான். பானை முழுசாக இருந்தது. சந்தோஷத்தில் கழுத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

அடியில் கை கொடுக்காமல் பழைய பானையைத் தூக்காதே என்பது அந்த வேலையில் முதல் நாள் பாடம்.

புது உடைப்பு வெளிறித் தெரியும். டீத்தண்ணீரைத் தொட்டுத் தொட்டு நிறம் ஏற்றினாள். 'மண்ணுக்குள்ளேயே உடைந்திருந்தது' என்று பானையின் பதிவு அட்டையில் எழுதினாள். அப்போது அவள் வேலை நிரந்தரமாகவில்லை. மற்றவர்கள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். அவள் முழுப் பானையை இரண்டு வார்த்தையில் மறைத்தாள்.

அந்த அட்டையைப் படித்துவிட்டு இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். மற்ற இரண்டு பானைகளும் அவர் இளவயதில் தனியாகத் தோண்டியெடுத்து, முகாமிலேயே தன் கையால் ஒட்டியவை. இருபது வருடமாக அலமாரியில் கிடந்தன. அவற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதவர், அன்றைக்கே புத்தகத்தைத் தொடங்கினார். அவருடைய அழுகையைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வராமலே ஒன்பது வருடம் ஓடிவிட்டது. நடுவில் சம்பள உயர்வும் வாங்கிக்கொண்டாள்.

"நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருக்கு சார். என் பொண்ணே இதைப் படிச்சு மார்க் வாங்கப் போறா. இன்னைக்குப் பேச்சுல என்னோட பானையை மட்டும் விட்டுடுங்க. அதான் மத்த ரெண்டு இருக்கே. உங்க கண்டுபிடிப்புக்கு ஒண்ணும் ஆகாது. என்னை வேலையை விட்டு அனுப்பிடுங்க."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. பட்டன் துளைக்குள் போக மறுத்தது.

காவலாளி கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினான். "சார், அமைச்சர் கார் வந்துடுச்சு. மேடையில மைக்கெல்லாம் ரெடி."

"அஞ்சு நிமிஷம். கதவைச் சாத்துப்பா."

கதவு மூடிக்கொண்டது. கீழே கைதட்டல் கேட்டது. இயக்குநர் கையை இழுத்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதைப் பிடிச்சுத் தூக்கினே?"

"கழுத்தை, சார்."

"நானும் கழுத்தைத்தான் பிடிச்சேன். ரெண்டு தடவையும்."

அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"உன்னோடது ஒண்ணாவது நிஜம்னு நம்பிட்டிருந்தேனேம்மா."