நாற்பத்து நாலு

"யாருடி இந்தத் தடியன்?"

பீரோவிலிருந்து எடுத்த புதுச் சட்டையை மனைவியின் முகத்தில் வீசினான் ஜெபமாலை. ஆறு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு அன்று காலைதான் ஆவூருக்கு வந்திருந்தான்.

"நாப்பத்தி நாலு சைஸ்! நான் கல்யாணத்தன்னைக்கும் முப்பத்தெட்டு, இன்னைக்கும் முப்பத்தெட்டு. இது எவனோடது?"

"சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. ஞாயித்துக்கெழம..."

விட்ட அறையில் அடைக்கலமேரியின் உதடு கிழிந்தது. முடியைப் பிடித்து அவளைச் சுவரில் மோதினான்.

"எவன்னு காட்டு. இப்பவே வெட்டிப் போடுறேன்!"

பரணில் கிடந்த அரிவாளை எடுத்தான். அதற்கே மூச்சு இரைத்தது.

"நெசமா வெட்டுவீங்களா?"

"தலையத் தனியா எடுக்குறேன்டி!"

அவள் எழுந்தாள். வாயில் வழிந்த ரத்தத்தை அந்தப் புதுச் சட்டையாலேயே துடைத்தாள். பீரோவின் கண்ணாடிக் கதவை அவன் பக்கம் திருப்பினாள்.

அடித்த வேகத்தில் சட்டைப் பொத்தான்கள் தெறித்து, தொப்பை வெளியே பிதுங்க, கண்ணாடிக்குள் ஒரு தடியன் அரிவாளோடு நின்றான்.

"அந்தா நிக்கிறான். ஞாயித்துக்கெழம கோயில்ல பிள்ளையோட புதுநன்மைப் பூசைக்குப் போட்டுக்கட்டும்னு, போன்ல பாத்த உடம்புக்கு அளவு வெச்சு அவனுக்குத்தான் எடுத்தேன்" என்றாள். "வெட்டுங்க."