பதினோரு மணி போன்

பத்தே முக்காலுக்கு என் போனை எடுத்துப் பார்த்தேன். உள்ளே சிம் கார்டு இல்லை என்று காட்டியது.

பேட்டரியைக் கழற்றிப் பார்த்தேன். நிஜமாகவே இல்லை.

பதினோரு மணிக்கு என் மகள் வீணா அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவாள். வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷத்துக்குப் பிறகு கூப்பிடுகிறாள்.

வாரம் முழுக்க பெங்களூர் பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் மிஷின் ஓட்டுகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சண்டே பஜாரில் தார்ப்பாய் விரித்துப் பழைய போன் விற்பேன். பழைய போனை யாரும் வாய் வார்த்தையை நம்பி வாங்க மாட்டார்கள். மணி அடிக்கிறதா, பேச்சு கேட்கிறதா என்று காட்டச் சொல்வார்கள். என் சிம்மைக் கழற்றி அவர்கள் கேட்கிற போனில் போட்டு, பக்கத்துக் கடை நாணுவை ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்வேன். வியாபாரம் படிந்ததும் சிம்மைக் கழற்றித் திரும்ப என் போனில் போட்டுக்கொள்வேன்.

இத்தனை நாளில் ஒரு தடவைகூட மறந்ததில்லை. இன்றைக்குப் போய் மறந்து தொலைத்தேன்.

பிரேசர் டவுனில் இருக்கும் வீணாவின் சிநேகிதி யூனிஸ் போன வாரம் என்னைத் தேடி வந்திருந்தாள். வீணாவைக் கூட்டிக்கொண்டு போனவன் அவளை ஓசூரில் விட்டுவிட்டு எங்கேயோ ஓடிவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இருக்கும் ஒரு ரூபாய் போனிலிருந்து என்னைக் கூப்பிடுவாளாம்.

"வீட்டுக்கு வரட்டுமான்னு ஒரே ஒரு தடவை கேப்பா அங்கிள். வான்னா பஸ் ஏறுவா. இல்லேன்னா கால் போன போக்குல போயிடுவேன்னு சொல்றா."

கால் போன போக்கில் என்றால் எங்கே என்று நான் யூனிஸிடம் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

கடைசியாக யாருக்கு விற்றேன் என்று யோசித்தேன். கோவிந்தப்பா என்று ஒரு பெரியவர். கார்ப்பரேஷனில் பெருக்கும் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். காக்கிச் சட்டை, கையில் ஒரு துணிப் பை. இன்கமிங் இலவசம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டு, வாழ்க்கையில் முதல் போன் வாங்க வந்திருந்தார். மணி அடித்தால் பச்சைப் பொத்தானை அமுக்குங்கள் என்று நாலு தடவை சொல்லிக்கொடுத்தேன். அந்த அக்கறையில் சிம்மைக் கோட்டை விட்டுவிட்டேன்.

நாணுவின் போனைப் பிடுங்கி என் நம்பருக்கு அடித்தேன். மணி போனது. யாரும் எடுக்கவில்லை.

அடித்துக்கொண்டே ஓடினேன். கடையைப் பார்த்துக்கொள் என்று நாணுவிடம் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

சண்டே பஜாரில் நடப்பதே கஷ்டம். பழைய ஷூ, மூடி இல்லாத மிக்ஸி, யாரோ கழற்றிய குழாய், எல்லாம் தரையில் கிடக்கும். ஒரு பெண்மணி மேல் மோதிக் கன்னடத்தில் வசவு வாங்கினேன். காக்கி முதுகாகத் தெரிந்ததையெல்லாம் தட்டினேன். திரும்பியவர்கள் எல்லாம் ஆட்டோ டிரைவர்கள். ஒருத்தர் எங்கே போகணும் என்று கேட்டார்.

சரியாகப் பதினோரு மணிக்கு அடித்தேன். என் நம்பர் பிசி.

என் மகள் யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறாள். நான் நடு ரோட்டில் நின்று டொய்ங் டொய்ங் என்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெச்சுடாதே, வெச்சுடாதே என்று அந்தச் சத்தத்திடம் கெஞ்சினேன். அழுகை வந்துவிட்டது.

அவென்யூ ரோடு முனையில், ஒரு டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். போன் மடியில் இருந்தது.

"வாங்க சார்," என்றார். "இப்பத்தான் பேசினேன்."

முகத்தில் அவ்வளவு பெருமை. பைக்குள் போன் விடாமல் அடித்ததாம். அடித்தவன் நான்தான். அவசரத்தில் எடுக்க வரவில்லையாம். அதனால் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். அடுத்த மணிக்குப் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டார்.

"ஒரு பொண்ணு சார். எடுத்ததுமே அப்பான்னுச்சு. ஒரே அழுகை, பின்னாடி பஸ் இரைச்சல் வேற. வீட்டுக்கு வரட்டுமான்னு கேட்டுச்சு. எனக்குப் பொண்ணே கிடையாது, யாரோ நம்பர் மாத்திப் போட்டிருக்காங்கன்னு தெரியுது. ஆனா அப்படி அழுதா என்ன சொல்றது? வீட்டுக்கு வர எதுக்கும்மா கேக்கற, சும்னே வா, சும்மா வான்னு சொன்னேன்."

போனை வாங்கி, வந்த நம்பருக்கே திருப்பி அடித்தேன். ஓசூரில் ஒரு பெட்டிக்கடைக்காரர் எடுத்தார். அந்தப் பெண் போனை வைத்ததும் ஓடிப்போய் பெங்களூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள், பஸ்ஸும் கிளம்பிவிட்டது என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"தப்பாச் சொல்லிட்டேனா சார்?" என்றார் கோவிந்தப்பா.

ஊரறிய அவளைத் தலைமுழுகியவன் நான். அவள் என் மகளே இல்லை என்று ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தியவன். ஒரே ஒரு தடவை அவள் குரலைக் கேட்டுவிட்டு, 'வராதே' என்று சொல்லி வைத்துவிடத்தான் இத்தனை ஓட்டமும். மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் ஒரு வாரமாக அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன்.

"இல்ல பெரியவரே," என்றேன். "நீங்க வான்னதும் அவ அழுகை நின்னுச்சா?"