வாடிக்கையாளர், நிலை இரண்டு

பெருந்தொற்றில் படுத்துவிட்ட கடைகளைத் தூக்கி நிறுத்த, அரசாங்கம் கடனுக்குப் பதிலாக ஆட்களை அனுப்பியது. சங்கரபாண்டி அப்படி ஓர் ஆள். பதவியின் பெயர் ‘வாடிக்கையாளர், நிலை இரண்டு’. அம்பாசமுத்திரத்தில் இசக்கியம்மாளின் இட்லிக்கடையில் ஆறு மாதம் காலையில் சாப்பிடுவதுதான் வேலை. தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது, குறை சொல்லக் கூடாது, அரசாங்க ஆள் என்று கடைக்காரியிடம் மூச்சுவிடக் கூடாது. முகம் சுளித்தால்கூட மணிக்கட்டில் கட்டிய பட்டை துறைக்குச் சொல்லிவிடும்.

சாம்பாரில் உப்பு கரித்தது. முதல் நாளிலிருந்தே கரித்தது. வேலைதானே என்று அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். முடிக்கும்வரை இசக்கியம்மாள் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நல்ல கவனிப்பு என்று அவர் நினைத்துக்கொள்வார். மற்றவர்கள் ஒருமுறை வந்தார்கள், மறுமுறை வரவில்லை.

நேற்றோடு திட்டம் முடிந்தது; பட்டையை ஒப்படைத்துவிட்டார். இன்று காலை பழக்கதோஷத்தில் கால் அங்கேதான் போயிற்று. கடையில் ஈ காக்கை இல்லை. இரண்டு வாய் சாப்பிட்டதும், ஆறு மாதமாக அடக்கிவைத்தது வெளியே வந்துவிட்டது.

“என்னம்மா, சாம்பாருல இம்புட்டு உப்பு?”

இசக்கியம்மாள் கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள். “இன்னைக்கு மட்டுமா அண்ணாச்சி?”

“என்னைக்கும்தான்.”

அவள் அடுப்பை அணைத்தாள்.

“அந்தக் காய்ச்சல் வந்து போனதுலேருந்து எனக்கு உப்பும் தெரியல, ஒறப்பும் தெரியல,” என்றாள். “நீங்க தட்ட வழிச்சுச் சாப்பிடுததப் பாத்துதான் தெனமும் அதே அளவு போட்டேன்.”