இருட்டறையில் ஒரு கைக்கடிகாரம்

வெளியே மினியாபொலிஸ் பனியில் நண்பகல் வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. ஜன்னலில்லாத இந்த அறையில் சுண்டெலிகளுக்கு நடுநிசி. எலிகள் பொருட்படுத்தாத மங்கிய சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. கூண்டுகளுக்குள் சக்கரங்கள் மழைபோலச் சளசளக்கின்றன. உடலின் இரவு பகல் குழம்பினால் மூளையில் அழற்சி கூடுமா என்பது டெலானியின் ஆராய்ச்சி. இந்த அடுக்கில் இருப்பவை, தினமும் இதே நேரத்தில் இருட்டு கிடைப்பதால் இரவு குழம்பாத எலிகள். ஒப்பிட்டுப் பார்க்க இவைதான் அவளுக்கு இருக்கின்றன. இவற்றை முடித்துவிட்டால் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுத உட்காரலாம். அவளுக்கு உதவியாக நான் கருவித் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கூண்டு கழுவும் ஓடிஸ் தண்ணீர்ப் புட்டியை மாற்றக் கையை உயர்த்துகிறார். அவருடைய புதுக் கைக்கடிகாரம் வெள்ளை வெளேரென்று விழித்துக்கொள்கிறது. "கை! கையக் கீழ போடுங்க!" என்கிறாள் டெலானி. "சனியன், அணைய மாட்டேங்குதே!" என்கிறார் ஓடிஸ். அவர் தட்டத் தட்ட வெளிச்சம் கூடுகிறது, கடைசியில் கையை அக்குளில் செருகிக்கொள்கிறார். எல்லாச் சக்கரங்களும் நின்றிருக்கின்றன. எவ்வளவு நேரம் வெளிச்சம் இருந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூலையில் ஒரு சக்கரம் மெதுவாகச் சுழல்கிறது, பிறகு இன்னொன்று. "பாருங்க டாக்டரம்மா, ஓட ஆரம்பிச்சுட்டானுங்க. நாம மூணு பேர்தானே, யாருக்குத் தெரியப்போகுது?" "எலிக்குத் தெரிஞ்சுபோச்சே, ஓடிஸ். நான் இன்னும் டாக்டரும் ஆகல." அவள் குரலில் கோபம் இல்லை. அடுக்கின் குறுக்கே ஒட்டி, 'வெளிச்சம் பட்டது, சேர்க்க வேண்டாம்' என்று எழுதுவதற்காக வெள்ளை டேப்பை நீளமாக இழுக்கிறாள். அது கிழியும் சத்தத்தில், ஓடத் தொடங்கிய சக்கரங்கள் மறுபடியும் நிற்கின்றன.