சாச்சாவுக்கு எத்தனை மவுத்து

தலைக்கவசம் அணியும்படி வாசகரை இணங்கவைக்க, சொந்த அனுபவத்தைச் சொல்லி ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார் கல்முனையில் விரிவுரையாளராக இருக்கும் றுஸ்தா. பத்தொன்பது மாணவர்களும் வாப்பாவின் தம்பியை, அதாவது சாச்சாவை, கட்டுரையில் மவுத்தாக்கிச் சாகடித்திருந்தார்கள். ஒரு சாச்சா நெல் லொறியில் மோதினார். இன்னொருவரை எருமை முட்டியது. எல்லாவற்றிலும் றுஸ்தா சிவப்பு மையில் 'நம்பும்படி இல்லை' என்று எழுதினார்.

பத்து மணிக்கு ஒருவர் சலாம் சொல்லி அவருடைய அறைக்குள் வந்தார். முழங்கையில் தலைக்கவசம் தொங்கியது.

"நான்தான் மிஸ் அந்தச் சாச்சா."

"எந்தப் பிள்ளைட சாச்சா?"

"கட்டுரைக் கட்டைத் தாங்க, பார்த்துச் சொல்றன்."

உட்கார்ந்து பொறுமையாக வாசித்தார். எருமை முட்டிய இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். கடைசியில் ஒரு தாளை உருவி நீட்டினார்.

"றினாஸ் மட்டும்தான் உள்ளதை எழுதிரிக்கான். அவனுக்குப் புள்ளியக் கூட்டிப் போடுங்க மிஸ்."

அவர் போனபின் றுஸ்தா அந்தத் தாளின் கடைசி வரியைப் படித்தார்: 'காரைதீவு வளைவில் சாச்சா மவுத்தானபோது தலைக்கவசம் அவருடைய முழங்கையில் தொங்கியது. அதில் ஒரு கீறலும் இல்லை.'

வெளியே மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. றுஸ்தா ஜன்னலால் எட்டிப் பார்த்தார்.

மனிதர் இன்னும் அதைத் தலையில் போடவில்லை.