அந்த ஒருத்தியை மட்டும்

“இதுல இருக்கிற பொம்பளையை மட்டும் பிரிச்சு எடுத்துடணும்க்கா. மத்த ரெண்டு பேரும் அப்படியே இருக்கட்டும்.”

வந்தவள் பையிலிருந்து, பூத்தையல் துணி பூட்டிய ஒரு மரவளையத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். வெளியே விடாமல் மழை. மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்காமல், உட்காரச் சொல்வதற்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

எம்பிராய்டரிக்காரி ஊசியைத் துணியில் குத்திவிட்டு வளையத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவள் தைத்ததுதான். குடும்பங்களில் அன்றாடம் நடக்கிற கூத்தைத் துணியில் தைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. வாயைப் பிளந்து தூங்கும் அப்பா, குளியலறை வாசலில் மல்லுக்கட்டும் பிள்ளைகள், செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடும் நாய் என்று சுவரெல்லாம் வளையங்கள்.

இதை ஒருவன் தன் மனைவியின் பிறந்தநாளுக்காகப் போனிலேயே சொல்லிச் சொல்லித் தைக்க வைத்திருந்தான். பல் துலக்கும் பிரஷ்ஷோடு துரத்துகிறாள் மனைவி. மேசைக்கு அடியில் ஒளிந்திருக்கிறாள் சின்ன மகள். நடுவில் மாட்டிக்கொண்ட கணவன், பேப்பரால் முகத்தை மறைத்துக்கொள்கிறான். “கன்னம் மட்டும் பொசுபொசுன்னு இருக்கணுங்க, இல்லேன்னா அது அவளே இல்ல” என்று அவன் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருந்தது. அந்தக் கன்னத்துக்காகவே துணிக்கடியில் பஞ்சு வைத்துத் தைத்திருந்தாள்.

“ஏன் பிரிக்கணும்? நூல் ஏதும் விட்டுப்போச்சா?”

“நூலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்த ஆள் வேண்டாம். அவ்வளவுதான்.”

“நீங்க அந்த வீட்டுல யாரு?”

வந்தவள் கொஞ்சம் தயங்கினாள். “அந்த வீட்டு ஆளுதான்.”

எம்பிராய்டரிக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஒடிசலான உடம்பு. தொளதொளவென்று ஒரு சட்டை. உதட்டில் அழுத்திப் பூசிய சாயம். என்னவோ சரியில்லை என்று பட்டது.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சா விடமாட்டார். வளையம் விரிசல் விட்டிருக்குன்னு பொய் சொல்லித்தான் எடுத்துட்டு வந்தேன்.”

“அந்தம்மா இருக்காங்களா, இல்லையா?”

“ம்... இருக்கு.” வந்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “டாக்டர் கையை விரிச்சுட்டார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா இழுத்துட்டிருக்கு. இனி ரொம்ப நாள் இல்லை.”

“உயிரோட இருக்கும்போதேவா?” எம்பிராய்டரிக்காரியின் குரல் தன்னால் உயர்ந்தது.

“அப்புறம்னா முடியாதுக்கா. குழந்தை தினமும் அந்தக் கன்னத்தைத் தடவிட்டுத்தான் தூங்கப் போறா. அதுகிட்ட கதை கதையாப் பேசறா. அவளுக்கு அது பழகிடக் கூடாது. நாளைக்கு அந்த வீட்டுக்கு ஒருத்தி வந்துதானே ஆகணும்? குழந்தையைப் பார்த்துக்க ஆள் வேணும்ல?”

அதற்குமேல் எம்பிராய்டரிக்காரியால் தாங்க முடியவில்லை. ‘நீங்க’ என்ற மரியாதை எங்கே போனதென்றே தெரியவில்லை.

“படுக்கையில கிடக்கும்போதே இடம் பிடிக்க வந்துட்டியா நீ? எங்கம்மா போனப்போ நானும் இந்தக் குட்டி மாதிரிதான் இருந்தேன். அப்பா ரெண்டாவதா கட்டிட்டு வந்தவ முதல் வேலையா சுவத்துல இருந்த போட்டோவையெல்லாம் கழட்டினா. அப்புறம் அதுங்க எங்க போச்சுன்னே தெரியலை. இன்னைக்குக் கண்ணை மூடினா எங்கம்மா கை மட்டும் தெரியுது, முகம் வர மாட்டேங்குது. அந்தப் பொம்பளையை நான் கடைசிவரைக்கும் அம்மான்னு கூப்பிடலை. உன்னையும் இந்தப் பொண்ணு கூப்பிடாது, பார்த்துக்கோ!”

வந்தவளுக்குக் கோபம் வரவில்லை. மெல்ல முன்னால் குனிந்தாள்.

“கடைசிவரைக்குமா கூப்பிடலை?”

“கூப்பிடலை.”

“அவங்க உங்களை நல்லாப் பார்த்துக்கிட்டாங்களா?”

எம்பிராய்டரிக்காரி துணியில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கி மறுபடி குத்தினாள். காய்ச்சல் வந்த நாட்களில் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டது அந்தச் சித்திதான். பள்ளிக்கூடத்து வாசலில் குடையோடு காத்து நின்றதும் அவள்தான்.

“பார்த்துக்கிட்டா. அதுல குறை சொல்ல முடியாது. அதுக்காக?”

“அவங்க பாவம்க்கா.” சற்றுப் பொறுத்து, “நீங்களும் பாவம்” என்றாள் வந்தவள். “அதுக்குத்தான் கேக்கறேன். பிரிச்சுக் கொடுத்துடுங்க.”

“பிரிச்சா ஊசி போன ஓட்டை அப்படியே தெரியும்.”

“பரவாயில்லை. மேல ஒரு பூனையைத் தைச்சிடுங்க. குழந்தைக்குப் பூனைன்னா உசுரு.”

பூனையாம். எம்பிராய்டரிக்காரி வளையத்தை அவள் பக்கமே தள்ளினாள்.

“இதோ பாரு. அந்தம்மா எழுந்து வந்து கேக்கட்டும், பைசா வாங்காம பிரிச்சுத் தரேன். பெத்தவ வாயால சொல்லாம நான் இதுல கத்திரி வைக்க மாட்டேன். கிளம்பு.”

வந்தவள் கிளம்பவில்லை. மேசைமேல் கிடந்த சின்னக் கத்திரியை எடுத்து எம்பிராய்டரிக்காரியின் உள்ளங்கையில் வைத்தாள். அந்த விரல்கள் சில்லென்றிருந்தன.

“பெத்தவதான்க்கா சொல்றேன். நாளைக்கு வர்றவளை என் பொண்ணு வாய் நிறைய அம்மான்னு கூப்பிடணும். நான் சுவத்துல நின்னு பார்த்துட்டே இருந்தா, அவ எப்படிக் கூப்பிடுவா?”